எந்தத் தூக்க மாத்திரை? அதற்கு முன்னால், எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள்?

கவுண்டர் மேல் மூன்று மாத்திரை அட்டைகளை வரிசையாக வைத்தார் அவர். ஐம்பது வயதிருக்கும். ஒன்று, மருத்துவர் எழுதிக்கொடுத்த சோல்பிடெம் 10 மி.கி. இரண்டாவது, கூட வேலை பார்ப்பவர் "இதைப் போட்டுப் பாருங்க, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவீங்க" என்று கொடுத்த குளோனசெபாம். மூன்றாவது, தங்கை வாங்கி அனுப்பிய மெலடோனின். "இதில் எதைப் போடலாம் சார்?"

நான் மருந்தாளர். இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வரும். எல்லோரும் கேட்பது எது நல்ல மாத்திரை என்று. நான் திருப்பிக் கேட்பது, "ராத்திரி எந்த நேரத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள்?" என்று. படுத்தவுடன் தூக்கம் வராதவருக்கு எழுதும் மாத்திரை, மூன்று மணிக்கு விழித்துக்கொள்பவருக்குப் பெரும்பாலும் உதவாது. மருந்தை எழுதுவதும் மாற்றுவதும் மருத்துவர் வேலை. ஆனால் அந்த அறைக்குள் போகும்போது எதை எதோடு ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்று தெரிந்திருந்தால், பத்து நிமிடச் சந்திப்பு வீணாகாது.

## முதலில் அளவுகோல்கள்

தூக்கம் எங்கே உடைகிறது? ஆரம்பத்திலா, நடுவிலா, விடியற்காலையிலா? ஒரு வாரம் குறித்து வைத்தாலே தெரிந்துவிடும். படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம். நான்கு எண் போதும்.

எத்தனை நாளாக? வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். வீட்டில் ஒரு இழப்பு, வேலை மாற்றம் என்று இரண்டு வாரமாகத் தூங்காதவர் வேறு. ஆறு வருடமாகத் தூங்காதவர் வேறு.

மறுநாள் காலை என்ன வேலை? ஆறரை மணிக்கு வண்டி எடுப்பவருக்கும் பத்து மணிவரை வீட்டில் இருப்பவருக்கும் ஒரே மாத்திரை சரிவராது.

உடம்பில் வேறென்ன ஓடுகிறது? வயது, குறட்டை, கல்லீரல், கர்ப்பம், வலி மாத்திரை, மது.

வெளியே வரும் வழி என்ன? இதை யாரும் கேட்பதில்லை. மாத்திரை தொடங்கும் தேதி எல்லோருக்கும் தெரியும், முடிக்கும் தேதி தெரியாது. என்னைக் கேட்டால் மற்ற நான்கையும்விட இதுதான் பெரிய அளவுகோல். பாதி மருந்துகள் இதில்தான் தோற்கின்றன.

இந்த ஐந்துக்கும் முன்னால் ஒன்று உண்டு: இது தூக்கமின்மைதானா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, படுத்ததும் கால் குடைச்சல், தைராய்டு, மனச்சோர்வு, மாலையில் போடும் ஸ்டீராய்டு, சாயங்காலக் காபி எல்லாமே தூக்கமின்மை வேஷத்தில் வரும். இவற்றுக்குத் தூக்க மாத்திரை மருந்தல்ல. சிலவற்றுக்கு அது ஆபத்தும்கூட.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு நல்லது | மறுநாள் காலை | பழகிப்போகும் அபாயம் |
|---|---|---|---|
| சி.பி.டி.ஐ (மாத்திரை இல்லாத தூக்கப் பயிற்சி) | எல்லா வகைக்கும், குறிப்பாக நாள்பட்டதற்கு | முதல் சில வாரம் பகலில் களைப்பு | இல்லை |
| இசட் மருந்துகள் (சோல்பிடெம் போன்றவை) | பெரும்பாலும் ஆரம்பத் தூக்கம் | அளவு, பாலினம், போட்ட நேரம் பொறுத்து மந்தம் | உண்டு |
| பென்சோடயசெபைன்கள் (குளோனசெபாம் போன்றவை) | குறுகிய கால நெருக்கடி | நீண்ட நேரம் நிற்பவற்றில் அதிகம் | மிக அதிகம் |
| ஒரெக்சின் தடுப்பான்கள் | ஆரம்பம், நடு இரவு இரண்டும் | சிலருக்கு மந்தம் | குறைவு |
| மெலடோனின், ரமெல்டியான் | ஆரம்பத் தூக்கம், நேரம் தவறிய தூக்கம் | பெரும்பாலும் தெளிவு | மிகக் குறைவு |
| குறைந்த அளவு டாக்செபின் | நடு இரவு, விடியற்காலை விழிப்பு | ஓரளவு மந்தம் வரலாம் | மிகக் குறைவு |
| அலர்ஜி மாத்திரைகள் | சொல்லும்படி எதற்கும் இல்லை | தலைக்கனம், வாய் வறட்சி | சீக்கிரமே பலன் போகும் |

அட்டவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உண்மையான செலவெல்லாம் கட்டங்களுக்கு வெளியே இருக்கிறது.

## மாத்திரை இல்லாத வழி: சி.பி.டி.ஐ

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்பது முழுப்பெயர். "கவுன்சலிங்தானே" என்று பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-ல் சொன்னது. ஐரோப்பிய தூக்க ஆய்வுச் சங்கம் 2017-லும் 2023-லும் அதையே சொன்னது.

இதில் பேச்சைவிடக் கணக்கு அதிகம். ஒருவர் பத்து மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறார் என்று வையுங்கள். படுக்கையில் எட்டரை மணி நேரம், தூங்கியது ஐந்தரை. படுக்கையில் இருந்த நேரத்தில் 65 சதவீதம்தான் தூக்கம், மிச்சம் மூன்று மணி நேரம் விட்டத்தைப் பார்த்தது. சிகிச்சையாளர் என்ன செய்வார்? "இனி இரவு ஒரு மணிக்குத்தான் படுக்கணும், ஆறரைக்கு எழுந்தே ஆகணும்" என்பார். தூங்காதவனைப் பார்த்து இன்னும் லேட்டாகப் படு என்றால் கோபம்தான் வரும். ஆனால் நாலைந்து நாளில் தூக்கக் கடன் ஏறி, படுத்தவுடன் கண் சொருகத் தொடங்கும். அந்த விகிதம் 85 சதவீதத்தைத் தாண்டியதும் பதினைந்து பதினைந்து நிமிடமாகப் படுக்கும் நேரத்தை முன்னால் நகர்த்துவார்கள். இதோடு, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, படுக்கையைத் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்வது, "இன்று தூங்காவிட்டால் நாளை தொலைந்தேன்" என்ற பயத்தை எதிர்கொள்வது. நான்கிலிருந்து எட்டு அமர்வுகளில் முடிந்துவிடும்.

மறைமுகச் செலவு: முதல் இரண்டு வாரம் பகலில் தள்ளாடும். அந்த நாட்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டக்கூடாது. பைபோலார் பிரச்சினையோ (மனநிலை எல்லை மீறி ஏறி இறங்கும் நோய்) வலிப்போ உள்ளவர்கள் தூக்கத்தைக் குறைக்கும் பகுதியைத் தாங்களாகச் செய்யவே கூடாது. தூக்கம் குறைந்தால் இரண்டும் கிளம்பும். அப்புறம், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் எளிதில் கிடைப்பதில்லை. இணையவழிப் பயிற்சிகள் ஓரளவு ஈடுகட்டும்.

எப்போது இது சரியான தேர்வு: மூன்று மாதம் தாண்டியவர்களுக்கு, வயதானவர்களுக்கு, ஏற்கெனவே ஐந்தாறு மருந்து சாப்பிடுபவர்களுக்கு, மாத்திரையிலிருந்து வெளியே வர நினைப்பவர்களுக்கு.

## இசட் மருந்துகள்: சோல்பிடெம், சோபிக்ளோன், எஸ்சோபிக்ளோன்

ஆங்கிலப் பெயர்களில் இசட் எழுத்து வருவதால் இந்தச் செல்லப்பெயர். வேகமாகத் தூக்கத்தைக் கொண்டுவரும், அதில் சந்தேகமில்லை. எவ்வளவு வேகமாக என்பதில்தான் எதிர்பார்ப்பு எகிறிவிடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் நிறுவனங்கள் கொடுத்த தரவுகளைத் திரட்டி 2012-ல் வந்த அலசலில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் இவை தூக்கத்தைச் சராசரியாக 22 நிமிடம் முன்கூட்டியே கொண்டுவந்தன. அந்த 22 நிமிடம் சிலருக்குப் பெரிய விஷயம். சிலர், இதற்கா இவ்வளவு, என்பார்கள்.

சோல்பிடெமின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், இரண்டரை மணி நேரம்போல. இரவு பத்தரைக்குப் போட்டால், காலை ஆறு மணிக்கு ரத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். அதே மாத்திரையை நள்ளிரவு இரண்டு மணிக்கு, "இன்னும் தூங்கலையே" என்று போட்டுவிட்டு ஆறரைக்கு வண்டி எடுத்தால்? கால் பங்குக்கும் மேல் உடம்பில் இருக்கும். கண் திறந்திருக்கும், மூளை பாதி உறங்கும். ஏழெட்டு மணி நேரம் படுக்கையில் இருக்க முடிந்தால் மட்டுமே போட வேண்டும் என்பது இதற்காகத்தான். நடு இரவில் விழிப்பவர்களுக்கென்றே நாக்கடியில் வைக்கும் ஒரு சிறிய வடிவம் அமெரிக்காவில் 2011-ல் அனுமதிக்கப்பட்டது. பெண்களுக்கு 1.75 மி.கி., ஆண்களுக்கு 3.5 மி.கி.; அதற்கும் எழுவதற்கு நான்கு மணி நேரமாவது மிச்சம் வேண்டும். வழக்கமான 10 மி.கி.யை அந்த நேரத்தில் போடுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

பெண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அவர்கள் உடலிலிருந்து சோல்பிடெம் மெதுவாகவே வெளியேறுகிறது. காலையில் ரத்தத்தில் நிற்கும் அளவைப் பார்த்துத்தான் 2013-ல் அமெரிக்காவில் பெண்களுக்கான தொடக்க அளவு 10-லிருந்து 5 மி.கி.யாகக் குறைக்கப்பட்டது. கணவரின் மாத்திரையை மனைவி எடுத்துப் போடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். இங்கே அது இரட்டை அளவாக முடியலாம்.

மறைமுகச் செலவு, தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் மாத்திரை போட்டுவிட்டுப் படுக்காமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை செல்போனில், நள்ளிரவு 12.10-க்கு அக்காவுடன் இருபது நிமிடம் பேசியதாகப் பதிவு. ஒரு வார்த்தை நினைவில்லை. அக்காவுக்கோ அவர் சொன்னதெல்லாம் நினைவிருந்தது, அது வேறு கதை. பேச்சோடு போனது அதிர்ஷ்டம். இப்படிப்பட்ட சம்பவங்களில் காயமும் மரணமும் நேர்ந்ததால் 2019-ல் அமெரிக்காவில் இந்த மருந்துகளுக்குக் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஒரே ஒருமுறை நடந்திருந்தாலும் அந்த மருந்தை மறுபடி தொடக்கூடாது.

எப்போது இது சரி: படுத்ததும் தூக்கம் வராதவர், தெளிவான ஒரு காரணம், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் முடிக்கும் திட்டம், காலை அவசரம் இல்லாத வாழ்க்கை.

## பென்சோடயசெபைன்கள்: குளோனசெபாம், அல்பிரசோலாம், லொரசெபாம், டயசெபாம்

இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1960-ல் சந்தைக்கு வந்தபோது பெரிய விடுதலையாகத்தான் பார்க்கப்பட்டது. அதற்கு முன் இருந்த தூக்க மருந்துகளான பார்பிச்சுரேட்டுகள் அளவு தவறினால் உயிரை எடுப்பவை. அந்த வகையில் முன்னேற்றம்தான். ஆனால் புதுச் சிக்கலையும் கூடவே கொண்டுவந்தது.

குளோனசெபாமின் அரை ஆயுள் 30 முதல் 40 மணி நேரம். இன்றிரவு போட்டது நாளை இரவு பாதிக்கும் மேல் உடம்பில் இருக்க, அதன் மேல் அடுத்த மாத்திரை விழுகிறது. ஒரு வாரத்தில் அடுக்கு ஏறிவிடும். "அடிச்சுப் போட்ட மாதிரி" தூங்குவதற்குக் காரணம் இதுதான். பகலில் ஞாபகம் பிசகுவதற்கும், மாடிப்படியில் கால் இடறுவதற்கும் காரணம் இதுதான். அல்பிரசோலாம் போன்ற குறுகியவற்றில் வேறு தொல்லை: மருந்து இறங்கும்போது பதற்றம் ஏறும், அதைத் தணிக்க அடுத்த மாத்திரை.

சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடும். அதே அளவு போதாமல் போகும். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பும், கை நடுங்கும், மோசமான நிலையில் வலிப்பே வரலாம். 2020-ல் அமெரிக்காவில் இந்தக் குடும்பம் முழுமைக்கும் பழக்கம், தவறான பயன்பாடு, நிறுத்தும்போது வரும் விளைவுகள் குறித்துக் கடும் எச்சரிக்கை போடப்பட்டது. மார்ஃபின் வகையான ஓபியாய்டு வலி மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம் என்ற எச்சரிக்கை 2016-லேயே வந்துவிட்டது.

தூக்கத்துக்கு மட்டும் என்றால் இதை நான் வரிசையின் கடைசியில்தான் வைப்பேன். கடும் பதற்றத்தோடு சேர்ந்த தூக்கமின்மை, சில நாட்கள், மருத்துவரின் கண் பார்வையில் என்றால் அதற்கு இடம் உண்டு. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு இவற்றையும் இசட் மருந்துகளையும் தவிர்க்கச் சொல்லித்தான் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் சொல்கிறது. இரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், தூக்கமின்மையே தேவலாம் என்று ஆகிவிடும்.

## ஒரெக்சின் தடுப்பான்கள்: சுவோரெக்சன்ட், லெம்போரெக்சன்ட், டாரிடோரெக்சன்ட்

மேலே சொன்ன இரண்டு வகை மருந்துகளும் மூளையை அமுக்கித் தூங்கவைக்கின்றன. இவை, விழித்திருக்கச் சொல்லும் ஒரெக்சின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. ஒரெக்சினே 1998-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சுவோரெக்சன்ட் 2014-லும், லெம்போரெக்சன்ட் 2019-லும், டாரிடோரெக்சன்ட் 2022-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஆரம்பத் தூக்கம், நடு இரவு விழிப்பு இரண்டுக்கும் உதவும். நிறுத்தும்போது பென்சோடயசெபைன் போலப் படுத்தாது.

செலவு: விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. சிலருக்கு மறுநாள் மந்தம் இருக்கும். தூங்கும் அல்லது விழிக்கும் தருணத்தில் சில நிமிடம் உடம்பு அசைய மறுக்கும் அனுபவம் சிலருக்கு வரும். முன்கூட்டித் தெரியாதவர் பயந்துபோவார். நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் தாக்கும் நோய்) உள்ளவர்கள் தொடவே கூடாது.

கிடைத்து, கட்டுப்படியானால், நடு இரவில் விழிப்பவர்களுக்கு இசட் மருந்தைவிட இதையே மருத்துவரிடம் முதலில் பேசிப் பார்க்கச் சொல்வேன்.

## மெலடோனின், ரமெல்டியான்

மெலடோனினைத் தூக்க மாத்திரை என்று நினைத்துப் போடுபவர்கள் ஏமாறுவார்கள். அது "இருட்டிவிட்டது" என்று மூளைக்குச் சொல்லும் சேதி. உடல் கடிகாரம் நேரம் தவறியவர்களுக்கு, அதாவது இரவு மூன்று மணிக்குத்தான் தூக்கம் வருபவர், நாடு தாண்டிப் பயணம் செய்தவர் போன்றோருக்கு, சரியான நேரத்தில் போட்டால் நல்ல பலன். ஐரோப்பாவில் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 மி.கி. மெதுவாகக் கரையும் வடிவம் மருந்தாகவே தரப்படுகிறது. ரமெல்டியான் அதே ஏற்பியில் வேலை செய்யும் மருந்து, பழக்கம் ஏற்படுத்தாது. ஃபுளூவாக்சமின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவர்களுக்கு மட்டும் ஆகாது.

துணை உணவாக விற்கும் மெலடோனினில் ஒரு கூத்து. கனடாவில் விற்ற பொருட்களைச் சோதித்த 2017 ஆய்வில், அட்டையில் போட்டிருந்ததைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. "எனக்கு வேலை செய்யலை" என்பவர் சாப்பிட்டது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

## வேறு நோயிலிருந்து கடன் வாங்கிய மாத்திரைகள்

டாக்செபின் பழைய மனச்சோர்வு மருந்து. அதன் 3, 6 மி.கி. அளவுகள் 2010-ல் அமெரிக்காவில் தூக்கத்துக்கு அனுமதி பெற்றன. விடியற்காலை விழிப்பவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். 25 மி.கி. டாக்செபினை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த அளவில் வாய் வறட்சி, மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் வரும்.

டிரசோடோன் என்ற மனச்சோர்வு மருந்து உலகம் முழுக்கத் தூக்கத்துக்கு எழுதப்படுகிறது. ஆனால் அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டுதல் தூக்கமின்மைக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஆண்களுக்கு அரிதாக, வலியோடு பல மணி நேரம் குறி விறைத்தே இருக்கும் நிலை வரலாம். அப்படி வந்தால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். மிர்டசபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து பசியையும் எடையையும் ஏற்றும். மனச்சோர்வோடு தூக்கமின்மை இருந்தால் இவை அர்த்தமுள்ள தேர்வுகள். தூக்கத்துக்காக மட்டும் குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுவது, எடைக்கும் சர்க்கரைக்கும் தரும் தொந்தரவைப் பார்த்தால், எனக்கு நியாயமாகப் படவில்லை.

சீட்டில்லாமல் வாங்கும் டைஃபென்ஹைட்ரமின் வகை அலர்ஜி மாத்திரை? சில நாளிலேயே தூக்க விளைவு தேய்ந்துவிடும், வாய் வறட்சி மட்டும் தங்கும். முதியவர்களுக்குக் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரும். இதோடு விட்டுவிடலாம்.

## எதை எழுதினாலும் பொருந்துபவை

மதுவோடு எந்தத் தூக்க மாத்திரையும் கூடாது, "ஒரே ஒரு கிளாஸ்" என்ற விதிவிலக்கும் கிடையாது. மாத்திரை போட்டால் நேராகப் படுக்கை. வேறு எந்த வேலையும் வேண்டாம். கனமாகச் சாப்பிட்டவுடன் சோல்பிடெம் போட்டால் மெதுவாகத்தான் ஏறும், வேலை செய்யவில்லை என்று இரண்டாவதைப் போடத் தோன்றும், போடாதீர்கள். மெதுவாகக் கரையும் வடிவங்களை உடைக்கவோ மெல்லவோ கூடாது. கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), கீட்டோகோனசோல் (பூஞ்சைத் தொற்று மருந்து) போன்றவை பல தூக்க மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆன்டிபயாடிக் வாங்கும்போது தூக்க மாத்திரையைப் பற்றியும் சொல்லுங்கள். முதல் மாத்திரையை, மறுநாள் வண்டி ஓட்ட வேண்டியில்லாத இரவில் போட்டுப் பாருங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்த நிலையில் இருந்தால் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பென்சோடயசெபைன் சாப்பிடுபவர் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கத் தொடங்கலாம் என்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கவே கூடாது. குறைத்த முதல் சில இரவுகள் மோசமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உடம்பு விடைபெறும் சத்தம்.

மாத்திரையா பயிற்சியா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தாக வேண்டும் என்பதும் இல்லை. 2009-ல் வந்த ஒரு ஆய்வில், பயிற்சியையும் சோல்பிடெமையும் ஒன்றாகத் தொடங்கி, ஆறு வாரம் கழித்து மாத்திரையை விட்டுப் பயிற்சியை மட்டும் தொடர்ந்தவர்கள்தான் நீண்ட நாள் நோக்கில் நன்றாகத் தூங்கினார்கள்.

## அந்த மூன்று அட்டைகள்

கவுண்டரில் நின்றவரிடம், "எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது?" என்றேன். "படுத்தவுடன் தூங்கிடுவேன் சார். ராத்திரி நாலைந்து தடவை திடுக்கென்று முழிப்பு வரும், வாயெல்லாம் உலர்ந்திருக்கும்." அப்படியென்றால் சோல்பிடெமுக்கும் மெலடோனினுக்கும் அங்கே பெரிய வேலை இல்லை. "குறட்டை உண்டா?" அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற மனைவி, "குறட்டையாவது பரவாயில்லை, நடுவில் மூச்சே நின்னுடும், நான்தான் தட்டி எழுப்புவேன்" என்றார். இதை அவர்கள் மருத்துவரிடம் சொல்லவில்லை. மருத்துவரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

மூச்சுத் தடை இருக்கும் உடம்பில் குளோனசெபாம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். திடுக்கென்று எழுப்பிவிடும் அந்த விழிப்பையும் மழுக்கும். அந்த அட்டையை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பிப் போய் முதலில் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தேன். மனைவி அதை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.